கேட்காமல் கழுவிய வளையல்

மருந்துக்கடைக்கும் சாவி செய்கிறவர் கடைக்கும் நடுவே ஒரு நகைக்கடை. உள்ளே நின்று இரண்டு கையையும் விரித்தால் இரண்டு சுவரும் தட்டுப்படும், அவ்வளவுதான் அகலம். அதை நடத்துகிறவளுக்குப் பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. தெருவில் அதை யார் கேட்டார்கள்? எல்லாருக்கும் அவள் லென்ஸ் அக்காதான். நுணுக்கி நுணுக்கிப் பார்க்கிற உருப்பெருக்கிக் கண்ணாடியை நாடாவில் கட்டி நெற்றியில் ஏற்றி விட்டிருப்பாள். அதோடேயே காய்கறி வாங்கப் போவாள், பஸ் ஏறுவாள். வீட்டுக்குப் போய்த் தலை வாரும்போதுதான் அது இருக்கிற ஞாபகமே வரும்.

கடை போடுவதற்கு முன்னால் பதினொரு வருஷம் ஒரு பெரிய நகைக்கடையில் விற்பனைக்கு நின்றவள். அறுந்த சங்கிலியோடு யாராவது வந்தால், "இதுக்குச் செலவு பண்றதுக்குப் புதுசே பாத்துடலாமே" என்று சொல்லச் சொல்லி அங்கே சட்டம். நல்ல பொருளை வைத்துக்கொண்டு அப்படிச் சொல்வது பச்சைப் பொய். அதைச் சிரித்துக்கொண்டே வேறு சொல்ல வேண்டும். அவளுக்கு அது ஒத்துவரவில்லை. வேலையை விட்டாள், தனிக்கடை போட்டாள். புதுசும் விற்கிறாள்தான், ஆனால் பேர் வாங்கித் தந்தது நெளிந்ததும் அறுந்ததும்தான்.

ஆளை முகத்தை வைத்து அவளுக்கு அடையாளம் தெரியாது. காதையும் கழுத்தையும் பார்த்துத்தான் தெரியும். கல்யாண வீட்டில் யாராவது வந்து நலம் விசாரித்தால் திருதிருவென்று விழிப்பாள். அப்புறம் கண் கழுத்துக்கு இறங்கியதும் முகம் மலர்ந்து, "அந்தக் கொக்கி இப்ப எப்படி இருக்கு, சிக்குதா?" என்பாள்.

இப்படிப்பட்டவளிடம் ஒரு நாள் எதிர்ச் சாரியிலிருந்து பேக்கரி அம்மா வந்தாள். தன்னைப் பெற்றவள் நடத்திய பேக்கரியை எடுத்து முப்பது வருஷமாக நடத்துகிறவள். கையில் ஒரு வளையல், உடம்பெல்லாம் குருவி செதுக்கியது. அடுப்புக் கதவில் மோதி நெளிந்திருந்தது.

"சோப்புப் போட்டு உருவினேன், இடது கையோடது வந்துடுச்சு. வலது கையோடது அசைய மாட்டேங்குது. மாவு பிசைஞ்சு பிசைஞ்சு கை தூணாட்டம் ஆயிப்போச்சு. இந்த நெளிவை மட்டும் எடுத்துக் குடு லென்ஸு."

நெளிவை மட்டும் என்றுதான் சொன்னாள். லென்ஸ் அக்கா நெளிவை எடுத்தாள். எடுத்த கையோடு திருப்பிக் கொடுத்திருந்தால் இந்தக் கதையே இல்லை. கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி ஒரு பார்வை பார்த்தாள். குருவிகளின் இறக்கையெல்லாம் காய்ந்த மாவும் வெண்ணெயும் கெட்டியாய் அப்பிக் கிடந்தது. அழுக்கைப் பார்த்தால் அவளுக்குக் கை சும்மா இருக்காது. வெந்நீரில் சோப்பைக் கரைத்து வளையலை ஊறப் போட்டாள். மெல்லிய பிரஷ்ஷால் ஒவ்வொரு குருவியாகத் தேய்த்தாள். சோடியில் ஒன்றை மட்டும் பளபளக்க வைத்தால் மற்றதன் கதி என்ன ஆகும் என்று அந்த நேரத்தில் அவளுக்கு உறைக்கவே இல்லை. குருவிகளுக்குக் கடுகைவிடச் சின்னதாய்ச் சிவப்புக் கல்லில் கண் வைத்திருப்பது தெரிந்ததும் அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மஞ்சள் காகிதத்தில் மடித்து, பேக்கரியில் வேலைபார்க்கும் பெண்ணிடம் கொடுத்தனுப்பினாள்.

மறுநாள் காலை கடையைத் திறந்து அரை மணி ஆகவில்லை, பேக்கரி அம்மா வந்து நின்றாள். பின்னாலேயே அவளுடைய நாத்தனார், இடுப்பில் கை வைத்துக்கொண்டு.

"இது என்னோடது இல்ல" என்றாள் பேக்கரி அம்மா.

"உங்களோடதுதான்க்கா. கழுவினேன், அவ்வளவுதான்."

"என் வளையல்ல சிவப்புக் கல்லே கிடையாது. எங்கம்மா போட்டது, நான் போட்டது, ஒரு நாளும் பாத்ததில்ல."

நாத்தனார் பேக்கரி அம்மாவின் இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்துக் காட்டினாள். ஒன்று புதுத் தங்கமாய் மின்னியது. மற்றது பழைய பித்தளைப் பாத்திரத்தின் அடி மாதிரி இருந்தது. "இது ரெண்டும் சோடின்னு சின்னக் குழந்தைகூடச் சொல்லாது. கனமானதை எடுத்துக்கிட்டு லேசானதை மாத்திக் குடுத்துட்டாங்க அண்ணி" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரிச் சொன்னாள். அதோடு விட்டாளா? அன்றைக்கு ரொட்டி வாங்க வந்த அத்தனை பேருக்கும் ரொட்டியோடு இதையும் பொட்டலம் கட்டிக் கொடுத்தாள்.

நகைக்கடைக்கு இதைவிடப் பெரிய இடி கிடையாது. தையற்கடைக்காரர் துணியைக் கெடுத்தால் திட்டுவார்கள், மறுபடியும் வருவார்கள். நகையை மாற்றினாள் என்று பேர் வந்தால் அந்தப் படியில் யாரும் கால் வைக்க மாட்டார்கள். மத்தியானத்துக்குள் மூன்று பேர் வந்து, பழுதுக்குக் கொடுத்ததை அப்படியே திரும்ப வாங்கிக்கொண்டு போனார்கள். கடைசியாக வந்தவள் பள்ளிக்கூட டீச்சர். லென்ஸ் அக்காவின் முகத்தைப் பார்க்காமலே தன் அறுந்த சங்கிலியை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

பக்கத்துக் கடைச் சாவிக்காரர் எட்டிப் பார்த்தார். "அவங்க நெளிவை எடுக்கத்தானே சொன்னாங்க? நான் பூட்டைத் திறக்கச் சொன்னா கதவுக்குப் பெயிண்டா அடிக்கிறேன்?"

"வெந்த புண்ணுல வேல் பாய்ச்சாதீங்க" என்றாள் லென்ஸ் அக்கா. அழுகை வரும்போல இருந்தது. ஆனால் அவள் உட்கார்ந்து அழுகிற ரகம் இல்லை. ஒரு சின்ன வாளி, சோப்புக் கரைசல், பிரஷ், துண்டு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டாள். கடையைப் பூட்டித் தெருவைக் கடந்து நேரே பேக்கரிக்குப் போனாள்.

"வலது கையை நீட்டுங்கக்கா. கழட்ட வேணாம். உங்க கையிலயே வச்சுக் கழுவுறேன். அதுல சிவப்புக் கண்ணு இல்லன்னா நான் கடையை மூடிடறேன்."

அந்தக் கடைசி வார்த்தை எப்படி வாயில் வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. சொல்லியாகிவிட்டது. ரொட்டி வாங்க வந்தவர்கள் ரொட்டியை மறந்து சுற்றி நின்றார்கள். பேக்கரி அம்மா மாவு மேசைக்கு முன்னால் உட்கார்ந்து, வெந்நீரில் கையை விட்டுக்கொண்டு, முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டாள். பிரஷ் மணிக்கட்டின் உள்பக்கம் போனதுதான் தாமதம், 'களுக்' என்று சிரித்துவிட்டாள்.

"சிரிக்காதீங்க அண்ணி. நாம சண்டையில இருக்கோம்" என்றாள் நாத்தனார்.

"கூசுதுடி, என்ன பண்ணச் சொல்ற?"

முதல் குருவியின் மேல் இருந்த மாவு கரைந்து விழுந்தது. லென்ஸ் அக்கா கண்ணாடியை இறக்கிப் பார்த்தாள். கண் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் குழி. 

"பாத்துக்கோங்க எல்லாரும்" என்றாள் நாத்தனார்.

லென்ஸ் அக்கா பிரஷ்ஷை மறுபடி நனைத்துக்கொண்டாள். அடுத்த குருவிக்குப் போனாள். அதில் மாவு கல்லாய் இறுகியிருந்தது. வெந்நீரை மாற்றித் தரச் சொன்னாள், பொறுமையாக ஊற வைத்தாள். பேக்கரி அம்மா உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். பிரஷ் நுனியால் மூன்று முறை சுழற்றியதும் ஒரு பொருக்கு கழன்று தண்ணீரில் மிதந்தது. உள்ளேயிருந்து செக்கச்செவேலென்று ஒரு கண் பார்த்தது.

லென்ஸ் அக்கா கண்ணாடியைக் கழற்றி நாத்தனாரிடம் நீட்டினாள். நாத்தனார் ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தாள், மறு கண்ணை மூடிப் பார்த்தாள். அடுத்தடுத்த குருவிகளும் ஒவ்வொன்றாகக் கண் திறந்தன. கழுவி முடித்து இரண்டு கையையும் சேர்த்து வைத்தால் அந்த ஒரு குழியைத் தவிர எது எந்தக் கை வளையல் என்று சொல்ல முடியாது.

"ஏன் லென்ஸு, அந்த முதல் குருவிக்கு மட்டும் கண்ணு எங்க?" என்று கேட்டாள் பேக்கரி அம்மா. கோபம் போன இடம் தெரியவில்லை.

"மாவுல விழுந்திருக்கும்க்கா. இத்தனை வருஷத்துல யாரோ ரொட்டியோட சேத்து முழுங்கியிருப்பாங்க."

சுற்றி நின்றவர்களில் பாதிப் பேர் வயிற்றைத் தடவிக்கொண்டார்கள். பேக்கரி அம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தாள். சிரிப்பு அடங்கினதும் லென்ஸ் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "சந்தேகப்பட்டது என் தப்புதான். ஆனா கேக்காம கழுவினது உன் தப்பு" என்றாள். அதுவும் நியாயம்தான். லென்ஸ் அக்கா ஒத்துக்கொண்டாள்.

பேர் கெட்டது அரை நாளில், திரும்பி வந்ததும் அரை நாளில். பேக்கரி அம்மா ஒவ்வொரு ரொட்டியையும் மணிக்கட்டைத் திருப்பித் திருப்பியே கொடுத்தாள். குருவிக் கண்ணைப் பார்க்காமல் யாரும் ரொட்டியோடு வெளியே போக முடியவில்லை. நாத்தனார் பக்கத்தில் நின்று, "எனக்கு அப்பவே தெரியும்" என்று கொஞ்சம்கூடக் கூசாமல் சொல்லிக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் டீச்சர் கடைப் படியேறி வந்து சங்கிலியை மேசைமேல் வைத்தாள்.

"நான் சந்தேகப்படலைங்க. சும்மா வீட்டுல வச்சு ஒரு தடவை பாக்கலாம்னுதான் எடுத்துட்டுப் போனேன்."

"பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"எப்படி இருந்துச்சு?"

டீச்சர் தலையைக் குனிந்துகொண்டாள். "அறுந்துதான் இருந்துச்சு."

லென்ஸ் அக்கா விளக்கைப் போட்டு, சங்கிலியைக் கிட்டே இழுத்துக்கொண்டாள். "இதுல அழுக்கும் நிறைய இருக்கு. கழுவட்டுமா, வேணாமா?"