கழுத்தோடு நின்ற மயில்

கிள்ளான் லிட்டில் இந்தியாவில், ஒரு நகைக்கடையின் மேல்மாடியில் லோகேஸ்வரி தைக்கும் மயில்களைப் பற்றி ஊரில் ஒரு பேச்சு உண்டு. ஒரு கல்யாணத்தில் மணப்பெண்ணின் ரவிக்கை முதுகிலிருந்த மயில், தூவிய அட்சதையை எல்லாம் கொத்தித் தின்றுவிட்டதாம். நம்பாதவர்கள் அந்த அரிசி எங்கே போயிற்று என்று சொல்லட்டும்.

மயிலைப் பெற்றுப் போடுவது ஓர் எம்பிராய்டரி இயந்திரம். எந்த இடத்தில் எந்தத் தையல் என்று அதற்குச் சொல்லிக்கொடுப்பது பக்கத்திலிருக்கும் பழைய கணினி. பன்னிரண்டு வருடங்களுக்கு முன் லோகேஸ்வரி வேலை பார்த்த சட்டைத் தொழிற்சாலையை மூடியபோது, மற்றவர்கள் நாற்காலி, அலமாரி என்று தூக்கிக்கொண்டு போனார்கள். அவள் இந்த இரண்டையும் கேட்டு வாங்கினாள். இரண்டையும் இணைக்கும் அகலமான வயரைச் செருகப் புதுக் கணினி எதிலும் இடம் கிடையாது. அவளுக்கு இப்போது ஐம்பத்து நான்கு வயது. ஊரார் கல்யாணத்துக்கெல்லாம் ரவிக்கை தைத்ததில், தனக்கென்று ஒரு கல்யாணம் செய்துகொள்ள நேரம் கிடைக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் மணப்பெண் வாணியின் ரவிக்கையில் தோகை விரிந்தது, உடல் வந்தது, நீலக் கழுத்து மேலேறியது. அங்கே கணினி சூடேறி அணைந்துவிட்டது. ஆறவைத்து மறுபடி போட்டாள். பத்தே நிமிடம். ஊசி அசைவதற்குள் மறுபடி இருட்டு. மறுநாள் காலை பிரிக்ஃபீல்ட்ஸில் முகூர்த்தம். மயிலுக்கோ தலை இல்லை.

மூன்றாம் முறை ஆறவைத்தபோது, அதன் சூட்டுக்குப் பக்கத்திலேயே அவள் கண்ணயர்ந்தாள். கனவில் துறைமுகத்திலிருந்து கப்பல்கள் ஒவ்வொன்றாகப் புறப்பட்டன. ஒவ்வொரு கப்பலின் உச்சியிலும் தலையில்லாத மயில் ஒன்று நின்று தோகையாட்டி விடைபெற்றது. கடலே கொதித்தது. கைப்பேசி அடித்து எழுப்பியது.

"ஆன்டி, மயில் எது வரைக்கும் வந்திருச்சு?" என்றாள் வாணி.

"கழுத்து வரைக்கும்மா."

"மயில் வரலேன்னா நான் மணவறைக்கு வரமாட்டேன் லா. மாப்பிள்ளைய நீங்களே கட்டிக்குங்க!"

லோகேஸ்வரி பதறிப்போய்ப் படிக்கட்டில் நின்று கீழே பார்த்தாள். நகைக்கடையின் குளிர்சாதனத்தைக் கழுவிக்கொண்டிருந்தான் ஏர்கோன் பழுதுபார்க்கும் மாரிஸ்.

"மாரிஸ்! கம்ப்யூட்டர் ரோசாக் ஆயிருச்சு, ஓடமாட்டேங்குது. கொஞ்சம் மேல வாயேன்."

"அக்கா, நான் ஏர்கோன் ஆளு லா."

"இதுக்கும் சூடுதான் வியாதி."

மேலே வந்து கணினிப் பெட்டியின் தலையில் கை வைத்தவன் வெடுக்கென்று எடுத்துக்கொண்டான். "யம்மா! ரொட்டி சானாய் சுடலாம் போலிருக்கே!"

பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பக்கத் தகட்டைக் கழற்றினான். உள்ளே காற்றாடிக்கும் அதனடியிலிருந்த அலுமினியத் தகடுகளுக்கும் நடுவே நூல் பிசிறு மெத்தை மெத்தையாக அடைத்திருந்தது. மாரிஸ் தூரிகையால் தள்ளத் தள்ள, அது வண்ண மேகமாக எழும்பி ஜன்னல் வெயிலில் மிதந்தது. அந்தச் சிவப்பு சாலாக் செலாத்தான் ஊர் மணப்பெண்ணுடையது, பச்சை பந்திங் ஊர்க்காரியுடையது. ஒவ்வொன்றையும் அவளுக்கு அடையாளம் தெரிந்தது. பன்னிரண்டு வருடக் கல்யாணங்கள் அவள் தலைக்கு மேல் மெல்லச் சுற்றிவந்தன. அவள் வாய் திறந்து பார்த்துக்கொண்டே நின்றாள்.

"அக்கா, இங்க வாங்க. பின்னாடி யாரு சிமெண்டு பூசுனது?"

காற்று வெளியேற வேண்டிய துளைகளெல்லாம் மஞ்சளாக இறுகியிருந்தன.

"சிமெண்டு இல்லப்பா. ஆயுத பூஜைச் சந்தனம்."

"அதைப் பின்னாடியா வைப்பாங்க?"

"முன்பக்கம் வழவழன்னு இருக்கு, ஒட்ட மாட்டேங்குது. பின்னாடி ஓட்டை ஓட்டையா இருக்கா, நல்லாப் புடிச்சுக்குச்சு."

"பன்னெண்டு வருஷமும் அதே இடத்துலயா? தொடைக்கவே இல்லியா?"

"சாமிக்கு வச்ச பொட்டை எப்படிப்பா அழிக்கிறது?"

மாரிஸ் ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்தான். "நான் மாதா கோயில் ஆளு. இதுல கை வைக்கமாட்டேன். எடுத்தா நீங்கதான் எடுக்கணும்."

அவள் சந்தனத்தைப் பார்த்தாள். மயிலின் கழுத்தைப் பார்த்தாள். தொழிலுக்குத் துணையென்று வைத்தது. பொட்டில்லாத பெட்டியோடு நாளைக்கு எப்படி ஊசியைத் தொடுவது? கை எழவில்லை.

மாரிஸ் தலையைச் சொறிந்துவிட்டு, உள்ளேயிருந்த அலுமினியத் தகட்டைக் கழற்றிக் கவிழ்த்துக் காட்டினான். அதன் அடியில், கணினியின் மூளையான சில்லின் மேல், சாம்பல் நிறத்தில் ஏதோ காய்ந்து வெடித்திருந்தது.

"கம்பெனிக்காரன் வச்ச பொட்டு இது. சூட்டை இழுத்து மேல விடுற பசை. காஞ்சு சுண்ணாம்பாப் போச்சு. இதைத்தான் அப்பப்போ புதுசா வைக்கணும்."

"அப்ப உள்ளேயே ஒண்ணு இருக்கா!"

"நெத்தியிலேயே இருக்கு லா."

எதிர்க்கடையில் அந்தப் பசை சிறு குழாயில் கிடைத்தது. பழையதைத் துடைத்த மாரிஸ், புதியதை அவளிடம் நீட்டினான். அவள் மோதிர விரலால் ஒரு பட்டாணியளவு தொட்டு, கண்ணை மூடி, சில்லின் நடுவில் வைத்தாள். பிறகு எம்பிராய்டரி ஊசியை எடுத்துக்கொண்டு பெட்டியின் முதுகுப் பக்கம் உட்கார்ந்தாள். துளை துளையாகச் சந்தனத்தைப் பெயர்த்துத் தட்டில் சேர்த்தாள்.

எல்லாவற்றையும் பூட்டிப் போட்டதும் காற்றாடி நெடுமூச்சு விட்டது. துளைகளில் ஒட்டியிருந்த தூளும் சேர்ந்து கிளம்பியது. பன்னிரண்டு பூஜைகளின் வாசம் படியிறங்கிப் போய், நகைக்கடையில் நின்றவர்கள் கோயில் என்று நினைத்துச் செருப்பைக் கழற்றினார்களாம். தெருக்கோடி வரைக்கும் கழற்றினார்கள் என்றும் சொல்வார்கள்.

பத்து நிமிடம் ஆயிற்று. அரை மணியும் ஆயிற்று. பெட்டியின் தலையில் வைத்த கையை மாரிஸ் எடுக்கவேயில்லை. பின்னாலிருந்து வந்த இளங்காற்றில் நூல்முனைகள் ஆட, நீலக் கழுத்து வளைந்தது, அலகு வந்தது, கொண்டை நின்றது. கடைசியாகக் கறுப்பு நூலில் ஒரு கண்.

கைப்பேசி அடித்தது.

"ஆன்டி, வந்திருச்சா?"

"வந்திருச்சும்மா. என்னையே பாக்குது."

"சரி சரி, அப்ப மாப்பிள்ளைய நானே கட்டிக்கிறேன்."