கவர் பிரிக்காத வண்டி

போன வருஷம் வேளாங்கண்ணிக் கொடியேற்றத்துக்குப் போயிருந்தபோது, விடிந்ததும் வண்டியிலிருந்து இறங்கிய அம்மா சோம்பல் முறித்துக்கொண்டே சொன்னாள்: "அடேயப்பா! வீட்டுலகூட நான் இப்படித் தூங்குனதில்ல."

அவள் இறங்கியது என் வண்டியிலிருந்து இல்லை, என் தங்கச்சி வண்டியிலிருந்து. 'வீடு' என்று சொன்னது விளாங்குடியில் இருக்கிற என் வீட்டை. அப்பா போனதிலிருந்து அம்மா என்னோடுதான் இருக்கிறாள். அவள் இடுப்புக்குத் தைலம் தேய்ப்பது நான், வெந்நீர் வைத்துக் கொடுப்பது நான், பள்ளிக்கூடத்தில் நாளெல்லாம் கத்திவிட்டு வந்து அவளுக்குத் தனியாக உப்பில்லாத குழம்பு வைப்பது நான். ஒரே ஒரு ராத்திரி சின்னவள் வண்டியில் படுத்ததற்கு இப்படி ஒரு பாராட்டுப் பத்திரம், அதுவும் பக்கத்து வண்டிக்காரர்கள் காதில் விழும்படி. வயிறு எரிந்தது. பேச்சுக்குச் சொல்லவில்லை, அன்று காலை எனக்கு இட்லியே இறங்கவில்லை.

கொடியேற்ற சமயத்தில் அங்கே ரூம் கிடைக்காது. எங்களைப் போல மதுரையிலிருந்து போகிறவர்கள் பெரும்பாலும் வண்டி நிறுத்துகிற திடலிலேயே, வண்டிக்குள்ளேயே படுத்துக்கொள்வது வழக்கம். எங்களிடம் அப்போது இருந்தது ஒரு குட்டிக் கார். நானும் என் வீட்டுக்காரரும் அம்மாவும் விடிய விடிய விறைப்பாக உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். தங்கச்சியினுடையது பழைய வண்டி, இன்னொருவர் ஓட்டிக் கழித்தது. ஆனால் பெரியது. பின்சீட்டையெல்லாம் மடக்கினால் கட்டில் மாதிரி ஆகிவிடும். அதில் ஒரு மெத்தை, வாடிப்பட்டியில் அவர்கள் தோட்டத்து இலவம்பஞ்சை அடைத்த தலையணை, ஜன்னலுக்குக் கொசுவலைத் துண்டு. அந்த ராத்திரி அம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு முனகியதும், "இங்கிட்டு வந்துரும்மா" என்று அவள் ஒரு குரல்தான் கொடுத்தாள். அம்மா திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டாள்.

சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். ஒரே துணியில் எங்கள் இருவருக்கும் பாவாடை தைப்பார்கள். அவளுக்குத்தான் எடுப்பாக இருக்கும். நான் வீட்டில் சொன்ன மாப்பிள்ளையைக் கட்டினேன். அவள் அடம்பிடித்து ஒரு விவசாயக் குடும்பத்துப் பையனைக் கட்டினாள். அவர்கள் கும்பிடுவது அய்யனாரை. இருந்தாலும் வேளாங்கண்ணிக்கு எங்களுக்கு முன்னால் கிளம்பி நிற்பது அவர்கள் வண்டிதான். மாதாவே அவளைத்தான் முதலில் பார்க்கிறாள் என்று எனக்கு ஒரு எண்ணம்.

ஊருக்குத் திரும்பியதும் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன். "வண்டி மாத்துறோம். அம்மா நம்ம வண்டியில காலை நீட்டிப் படுக்கணும். விடிஞ்சதும் அதே வார்த்தைய அவ முன்னாடி சொல்லணும்."

"உங்கம்மா தூங்குறதுக்கு வண்டியா, உன் தங்கச்சி தூங்காம இருக்குறதுக்கு வண்டியா?" என்று கேட்டார் அவர். ரெண்டும்தான் என்றேன்.

பைபாஸ் ரோட்டில் இருக்கிற ஷோரூம்களுக்கெல்லாம் ஒரு கோரைப்பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு ஏறி இறங்கினோம். எல்லோரும் மைலேஜ் கேட்பார்கள். நான் போனதும், "பின்சீட்டை மடக்குங்க தம்பி" என்பேன். மடக்கியதும் பாயை விரித்து, செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுப் படுத்துப் பார்ப்பேன். என் வீட்டுக்காரர் யாரோ எவரோ போல வேறு வண்டியின் டயரைப் பார்த்துக்கொண்டு நிற்பார். "டீச்சரம்மா, ஊரு சிரிக்கும்" என்பார் பல்லைக் கடித்துக்கொண்டு. சிரிக்கட்டும். ஊரா வந்து அம்மா இடுப்பைப் பிடித்துவிடப் போகிறது?

படுத்தால்தானே தெரிகிறது வண்டிகளின் லட்சணம்! ஒன்றில் சீட்டை மடக்கியதும் நடுவில் ஒரு மேடு. சரியாக இடுப்பு வருகிற இடத்தில். இன்னொன்றில் தரை சமமாகத்தான் இருந்தது, ஆனால் கால் கதவில் முட்டியது. மற்றொன்றில் நீளமும் இருந்தது, அகலமும் இருந்தது. ஆனால் எழுந்து உட்கார்ந்தால் தலை கூரையில் இடித்தது. அம்மாவுக்கு ராத்திரியில் எழுந்து உட்கார்ந்து ஜெபமாலை சொல்லுகிற பழக்கம் உண்டு. வேறொரு ஷோரூமில், "மேலே கூரை திறக்கும்க்கா, வானம் தெரியும்" என்றான் விற்கிற பையன். "அம்மாவைப் படுக்க வைக்கப் போறேன் தம்பி, வத்தல் காயப்போடப் போறதில்ல" என்றேன். அவன் முகம் சுருங்கிவிட்டது, பாவம்.

கடைசியில் ஒரு வண்டி வாய்த்தது. மேடு இல்லை, முட்டவில்லை, இடிக்கவில்லை. என் வீட்டுக்காரரையும் படுக்கச் சொன்னேன். முனகிக்கொண்டே ஏறியவர் ஏசி காற்றில் கண்ணை மூடிவிட்டார், தட்டித்தான் எழுப்ப வேண்டியிருந்தது. மறுநாள் அம்மாவையே கூட்டிப் போனேன். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறிப் படுத்தாள். கூரையைப் பார்த்தாள். "எம்புட்டு அகலம்!" என்றாள். என் மனசு குளிர்ந்தது. அடுத்த வார்த்தை, "சின்னவ வண்டியவிடப் பெருசாடி?"

"பெருசுதாம்மா. அவளுது பழசு, இது புதுசு" என்றேன், ஷோரூம் பையன் முன்னாலேயே.

வண்டி கைக்கு வந்த அன்று சீட்டில் போட்டிருந்த பிளாஸ்டிக் கவரைக் கழற்றட்டுமா என்று கேட்டார்கள். கையை வைத்தால் தெரியும் என்றேன். கொடியேற்றம் வரப்போகிறது, வேளாங்கண்ணியில் மாதா கோயில் சாமியார் வந்து மந்திரித்துத் தீர்த்தம் தெளித்த பிறகுதான் கவரைப் பிரிப்பது. எங்கள் பக்கத்தில் பலபேர் அப்படித்தான். சாமி காரியம் ஒரு பக்கம் இருக்கட்டும், தங்கச்சி அந்தக் கவரைப் பார்க்க வேண்டும். பார்த்தால்தான் புதுசு என்று உறைக்கும். சிம்மக்கல்லில் அளவு கொடுத்து ஃபோம் மெத்தை வெட்டி வாங்கினேன், இரண்டு ஃபோம் தலையணையும் வாங்கினேன். மெத்தையும் கண்ணாடித்தாள் மாதிரி ஒரு கவருக்குள் வந்தது. அதையும் பிரிக்கவில்லை. மேலே ஒரு மெல்லிய விரிப்பை மட்டும் போட்டேன், ஓரத்தில் கவர் பளபளவென்று தெரிகிற மாதிரி.

திடலில் அவர்கள் வண்டிக்குப் பக்கத்திலேயே நிறுத்தச் சொன்னேன். தங்கச்சி வந்து எட்டிப் பார்த்தாள். "அக்கா! சூப்பரா இருக்குக்கா!" என்று வாயெல்லாம் பல்லாகச் சொன்னாள். அவளுக்குக் கொஞ்சமாவது எரியும் என்று நினைத்தேன். எரியவே இல்லை. பிறகு மெத்தையை அமுக்கிப் பார்த்துவிட்டு, "ஏங்க்கா, பொட்டலம் கட்டுன மாதிரி இருக்கே. இதப் பிரிச்சுப் போடலையா?" என்றாள்.

"மந்திரிச்ச பெறகு பிரிப்போம். நீ போய்த் தூங்கு" என்றேன்.

அம்மா படுத்தாள். சரசரவென்று ஒரு சத்தம். ஒருக்களித்தாள், மறுபடி சரசர. கடற்கரைப் புழுக்கத்தில் விரிப்பு நனைந்து, முதுகோடு ஒட்டி, புரளும்போதெல்லாம் கவர் முனகியது. "சௌரியமா இருக்காம்மா?" என்று முன்சீட்டிலிருந்து கேட்டேன். "இருக்கு, இருக்கு" என்றாள். அந்தச் சொல்லை அப்படியே நம்பிக்கொண்டு நான் தூங்கிப்போனேன்.

விடிந்து பார்த்தால் மெத்தை காலி. இறங்கி ஓடினேன். ரொம்ப தூரம் ஓட வேண்டியிருக்கவில்லை. பக்கத்து வண்டியில், மங்கிப்போன ஒரு பழைய சேலையை விரித்த மெத்தையில், வாயைத் திறந்துகொண்டு அம்மா நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். தங்கச்சியும் அவள் வீட்டுக்காரரும் வெளியே பாயில் படுத்திருந்தார்கள். எங்கள் அம்மாவுக்கு இடம்விட்டு வெளியே படுத்திருக்கிறாள். அதைப் பார்த்ததும் இன்னும்தான் எரிந்தது. அந்த நல்ல பெயரும் அவளுக்கே.

"பொரி மூட்டை மேல படுத்த மாதிரி இருந்துச்சுடி" என்றாள் அம்மா, எழுந்ததும். "நான் புரண்டா நீ முழிச்சுருவியோன்னு பயந்து பயந்து படுத்திருந்தேன். முடியல. வந்துட்டேன்."

சாமியார் வந்து மந்திரித்துவிட்டுப் போனதுதான் தாமதம், நான் கவரைக் கிழிக்க ஆரம்பித்தேன். பல்லால், நகத்தால், வந்த கோபத்தால். தங்கச்சி ஓடிவந்து மறுபக்கத்தைப் பிடித்துக் கிழித்தாள். "விடுடி, நானே பண்ணிக்கிறேன்" என்றேன். விடவில்லை. கிழித்ததையெல்லாம் அவளே சுருட்டிக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு வந்து, "இப்பப் படுத்துப் பாரும்மா" என்றாள். அம்மா, "போகும்போது பார்த்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டாள்.

வாடிப்பட்டிக்குத் திருச்சி, திண்டுக்கல் வழி சுலபம் என்று அவர்கள் அந்தப் பக்கம் கிளம்பினார்கள். அம்மா தங்கச்சியிடம் சொல்லிக்கொண்டு, கக்கத்தில் தலையணையை இடுக்கியபடி எங்கள் வண்டிக்கு வந்து ஏறினாள். பட்டுக்கோட்டை தாண்டி ஒரு புளியமரத்தடியில் நிறுத்திக் கட்டுச்சோறு சாப்பிட்டோம். சாப்பிட்டதும், "செத்த நேரம் சாஞ்சுக்கிறேன்" என்று மெத்தையில் சாய்ந்தவள்தான். கதவுகளைத் திறந்து வைத்திருந்தோம், நல்ல காற்று. லாரிகள் இரைந்துகொண்டு போயின. அவள் அசையவில்லை. வாய் திறந்திருந்தது. குறட்டைகூட வந்தது.

வராமல் வந்த தூக்கம்! பார்ப்பதற்குத் தங்கச்சி இல்லையே என்று எனக்கு ஆற்றாமை. "போன் போடட்டுமா?" என்றேன். "உங்கம்மாவ எழுப்பிறாத" என்றார் வீட்டுக்காரர். அதனால் சத்தமில்லாமல் ஒரு போட்டோ எடுத்து, குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். 'அம்மா நம்ம புது வண்டியில். நல்ல தூக்கம்' என்று கீழே எழுதினேன். எழுதும்போதே கையெல்லாம் இனித்தது.

உடனே பதில் வந்துவிட்டது. ஒரு பெரிய சிரிப்புப் பொம்மை போட்டு, 'என் தலகாணிய எங்க காணோம்னு வண்டியெல்லாம் தேடிட்டு இருந்தேன்க்கா. அம்மாகிட்டயே இருக்கட்டும், கேக்காத' என்று எழுதியிருந்தாள்.

திரும்பிப் பார்த்தேன். நான் வாங்கிய இரண்டு ஃபோம் தலையணைகளும் கால்மாட்டில் கிடந்தன. அம்மா இலவம்பஞ்சுத் தலையணையில் கன்னத்தை அழுத்தி, அதை ஒரு கையால் கட்டிக்கொண்டு தூங்கினாள். அதை உருவிவிட்டு என்னுடையதை வைக்கலாமா என்று ஒரு நிமிடம் கை போனது. எழுந்துவிடுவாள். கதவோரமாக உட்கார்ந்து, அவளாக எழும்வரை ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன்.