விரியன் பசையும் அக்காவின் காலும்

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பார்கள். என் வீட்டுக்காரியைக் கண்டால் பாம்பு நடுங்கும். நானும்தான் நடுங்குகிறேன், அதற்கு யாரும் பழமொழி சொல்லி வைக்கவில்லை.

நான் தையல்காரன். அவள் ஒரு மருந்து ஆய்வுக்கூடத்தில் விரியன்களிடமிருந்து விஷம் எடுக்கிறவள். கொக்கியால் பாம்பைத் தூக்கி மேசையில் வைப்பாள். தலையை அமுக்கிப் பிடித்து, மெல்லிய உறையால் வாயைக் கட்டிய கண்ணாடிக் குவளையில் அதன் பல்லைப் பதிய வைப்பாள். மஞ்சளாகச் சில சொட்டு இறங்கும். அந்த அறையில் ஒரு வழக்கம் உண்டு. எதைச் செய்தாலும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். “இந்தப் பெட்டியில பாம்பு இருக்கு.” “தலையைப் பிடிச்சாச்சு.” “உள்ள விட்டாச்சு.” கூட நிற்பவர் அதைத் திருப்பிச் சொன்ன பிறகுதான் அடுத்த வேலை. ஒருவர் சொல்லாமல் விட்டால் இன்னொருவர் உயிர் போய்விடும்.

இப்படியே வேலை செய்து செய்து, வீட்டிலும் எதையும் மறைக்கத் தெரியாதவளாகிவிட்டாள். நான் தைத்த சட்டைக்குத் தோள் சரியாக உட்காரவில்லை என்றால் வாங்க வந்தவர் முன்னாலேயே சொல்வாள். அந்த வாய்க்குப் பூட்டுப் போட நான் படாத பாடில்லை.

என் அக்காவுக்கு மட்டும் அவளைக் கண்டாலே ஆகாது. நாங்கள் சின்னஞ்சிறுசுகளாக இருந்தபோது அப்பா விரியன் கடித்துத்தான் போனார். ஈறிலிருந்து ரத்தம் வடிந்துகொண்டே இருந்ததாம். நான் கைக்குழந்தை. துணியை வைத்து அழுத்திக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் அக்கா. “பாம்பைத் தொட்ட கையால என் வீட்டுக் கதவைத் தொடாதே” என்று என் கல்யாணமான புதிதிலேயே அவள் சொல்லிவிட்டாள். கேட்டவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த அக்காவின் கணுக்காலில் புண் வந்தது. சலவைக்கடையில் நாளெல்லாம் நின்றபடியே இஸ்திரி போட்டதில் நரம்பு சுருட்டிக்கொண்டு, எந்த மருந்துக்கும் ஆறாத புண். இப்படியே போனால் காலை எடுக்க வேண்டி வரும் என்றார் டாக்டர். கடைசியாக ஒரு பசை இருக்கிறது என்றும் சொன்னார். இரண்டு திரவங்களைப் புண்ணின் மேல் ஒன்றாக விட்டால், பாலில் ஏடு கட்டுவது போல உறைந்து மூடிக்கொள்ளும், அடியில் சதை வளரும் என்றார்.

அந்த இரண்டில் ஒன்று எங்கிருந்து வருகிறதென்று என் மனைவிக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் அவளிடம் கெஞ்சினேன்.

“நீ வாயைத் திறக்காதே. முதல்ல கால் பிழைக்கட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்.”

டாக்டரும் “இது இயற்கையா கிடைக்கிற ஒரு புரதம்மா” என்று மென்று விழுங்கினார். அக்கா தலையாட்டினாள். “சரி, போடுங்க.”

“பாம்பு விஷத்துல இருந்து பிரிச்சு எடுத்தது அண்ணி,” என்றாள் என் மனைவி. “நான் பிடிக்கிற விரியன்தான்.”

நுணலும் தன் வாயால் கெடும். அக்கா முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. “எங்கப்பாவைக் கொன்னதைக் கொண்டுவந்து என் கால்ல பூசப் பாக்குறியா?” என்று எழுந்து, நொண்டிக்கொண்டே வெளியே போய்விட்டாள்.

வீடு வரும்வரை மனைவியைத் திட்டித் தீர்த்தேன். “உன் வாயால எங்கக்கா கால் போகப்போகுது!”

“அவங்களுக்குத் தெரியாம அவங்க உடம்புல அதை வைக்க என்னால முடியாதுங்க,” என்று சொல்லி அழுதாள். எனக்கும் வேதனையாகத்தான் இருந்தது, ஆனால் கோபம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

சில நாள் கழித்து ஒரு மாலையில் அக்கா எங்கள் வீட்டுப் படியேறி வந்தாள். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“நீ பொய் சொல்ல மாட்டே. அதனாலதான் உன்கிட்ட வந்தேன்,” என்றாள் என் மனைவியிடம். “ரத்தத்தை நிக்க விடாத விஷம், இப்ப எப்படி உறைஞ்சு புண்ணை மூடும்?”

“உள்ள போனா, ரத்தத்துல உறையறதுக்குன்னு இருக்கறதை எல்லாம் கண்டபடி செலவழிச்சுத் தீர்த்துடும் அண்ணி. அப்புறம் உறைய ஒண்ணும் மிச்சமிருக்காது. அதுல இருந்து ஒரே ஒரு பொருளைப் பிரிச்சு, வெளிய அளவா வச்சா, வச்ச இடத்துல மட்டும் உறையும்.”

அக்கா மெதுவாகக் கேட்டாள். “அன்னைக்கு எனக்குக் கை வலிச்சுது. துணியை எடுத்துட்டுக் கொஞ்சம் கண்ணசந்துட்டேன். முழிச்சுப் பார்த்தா தலையணையெல்லாம் ரத்தம். நான் விடாம அழுத்தியிருந்தா அப்பாவுக்கு நின்னிருக்குமா?”

இப்படி ஒன்றை அவள் மனதில் வைத்திருந்தது எனக்கு அன்றுவரை தெரியாது.

“நின்னிருக்காது அண்ணி. பத்துப் பேர் சேர்ந்து அழுத்தியிருந்தாலும் நின்னிருக்காது.”

நான் சொல்லியிருந்தால் ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்று தள்ளியிருப்பாள். இவள் சொன்னதும், இவளுடைய இரண்டு கைகளையும் இழுத்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டு, பேரன் பேத்தி எடுத்த அக்கா, “அப்பா, அப்பா” என்று கதறினாள்.

மறுநாளே பசையைப் போட்டுக்கொண்டாள். புண் மெல்ல மெல்ல மூடியது, கால் தப்பியது. ஆனால் எங்கள் வீட்டுக்கு வந்த அந்த மாலையில் அவள் காலைப் பற்றி அதற்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லை. “நின்னிருக்காதுன்னு அப்பவே யாராவது எனக்குச் சொல்லியிருக்கக் கூடாதா?” என்றுதான் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தாள்.