கடைசிப் பத்தில் கடைக்குப் போகாதது

ரமலானின் கடைசிப் பத்து நாள் ஊருக்கு ஒருவராவது பள்ளிவாசலிலேயே தங்க வேண்டும். இஃதிகாஃப் என்று பெயர். உலக வேலைகளை விட்டுவிட்டு அல்லாஹ்வின் வீட்டில் இருப்பது. ஒருவர் இருந்தால் அந்தப் பள்ளிவாசலைச் சேர்ந்த மஹல்லா முழுவதும் தப்பித்தது. ஒருவருமே இல்லையென்றால் குற்றம் எல்லோர் தலையிலும். ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் பள்ளிவாசலில் வருடா வருடம் ஒரு பெரியவர் இருந்துவந்தார். நாங்கள் அவருக்குப் பழமும் பாயசமும் கொடுத்தனுப்பிவிட்டு நிம்மதியாக அவரவர் கடைக்குப் போய்விடுவோம். போன மழைக்காலத்தில் அவர் மௌத்தாகி அடக்கமும் ஆகிவிட்டார்.

நோன்பு பாதி கடந்ததும், ஒருநாள் விடியற்காலை சுப்ஹுத் தொழுகைக்குப் பிறகு ஜமாத் தலைவர் எழுந்து நின்று, இந்த வருடம் யார் என்று கேட்டார். இருந்தவர்களில் பெரும்பாலோர் வியாபாரிகள். பெருநாள் வியாபாரம் முழுக்க அந்தப் பத்து நாளில்தான். எல்லோரும் தொழுகைப் பாயின் கோடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் அப்படியே இருந்திருக்கலாம். ராஜபாளையத்தில் என் கடைக்கு அன்று செட்டியார்பட்டியிலிருந்து நைட்டி சரக்கு வர வேண்டும். பஸ்ஸுக்கு நேரமாயிற்றா என்று சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கத் தலையைத் தூக்கினேன். கடிகாரம் தலைவருக்கு நேர் மேலே இருந்தது.

"அல்ஹம்துலில்லாஹ்! தம்பி இருக்கேன்னு சொல்லிட்டாரு," என்றார் தலைவர்.

பக்கத்தில் இருந்தவர்கள் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அவ்வளவு சந்தோஷமான முகங்களை அந்தப் பள்ளிவாசலில் நான் பார்த்ததில்லை. கடிகாரத்தைத்தான் பார்த்தேன் என்று அதற்குப்பின் எப்படிச் சொல்வது?

வீட்டில் சொன்னபோது என் மனைவி, "கடையை நான் பாத்துக்கிடுதேன். நீங்க போங்க," என்றாள். அவள் கடைக்கு வந்ததெல்லாம் தனக்குத் துணி எடுக்கத்தான். நான் ஒருநாள் காய்ச்சலில் படுத்தால்கூடக் கடை படுத்துவிடும் என்பது என் கணக்கு. ஏதாவது தெரியாவிட்டால் பள்ளிவாசல் ஜன்னல் பக்கம் ஆள் அனுப்பு என்று பலமுறை சொல்லிவிட்டுப் போனேன்.

பள்ளிவாசலில் நான் தங்குவதற்குத் தெருவைப் பார்த்த ஜன்னல் ஓரமாகவே திரை கட்டச் சொன்னேன். பாங்கு சொல்லும் மோதினார் காற்றோட்டத்துக்காக என்று நினைத்துக்கொண்டார். உள்ளே ஒரு பாய், தலையணை, குர்ஆன். தொழுகையில் நெற்றி தரையில் இருக்கும், மனம் அட்டைப்பெட்டிகளுக்குள் இருக்கும். எந்தத் தட்டில் எந்த அளவு, இன்ஸ்கர்ட்டில் எந்த நிறம் தீர்ந்திருக்கும் என்று ஓடும். கையேந்தினால் வாயில் வந்த துஆ ஒன்றுதான்: யா அல்லாஹ், கடையைக் காப்பாற்று.

ஜன்னலுக்கு ஒருவரும் வரவில்லை. நோன்பு திறக்கக் கஞ்சித் தூக்கோடு மச்சினன்தான் வந்தான். முதலிரண்டு நாள் அவனிடம் எதையும் கேட்காமல் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அதற்குமேல் முடியவில்லை.

"கடை எப்படி போகுது?"

"எம்புட்டுக் கூட்டம்ங்கிறீக! மச்சான், சொன்னா வருத்தப்படக் கூடாது. பொம்பளைக இத்தனை நாளும் உங்ககிட்ட அளவு சொல்லக் கூச்சப்பட்டுருக்காக. இப்ப அக்காகிட்ட மனசு விட்டுக் கேட்டு வாங்கிட்டுப் போறாக."

எனக்குக் கோபம்தான் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. அன்று கஞ்சி இறங்கவில்லை. எத்தனையோ வருடம் அந்தக் கடையை நான்தான் தாங்கிக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்திருந்தேன். வழியை மறித்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

அந்தி மஃரிப் தொழுகை முடிந்து திரைக்குள் போய்க் கையேந்தினேன். கேட்பதற்கு ஒன்றும் வரவில்லை. கடையைக் காப்பாற்று என்றா? அதை அல்லாஹ் காப்பாற்றித்தான் வைத்திருக்கிறான், நான் இல்லாமலேயே. ஏந்திய கை ஏந்தியபடி இருந்தது. எதையும் கேட்காமல் அவன்முன் இருந்தது என் வயதுக்கு அதுதான் முதல் தடவை. செத்த நேரத்தில் அழுகை வந்தது. துக்கம் இல்லை. இத்தனை நாளும் அவனைத் தேடி வரவில்லை, அவனிடம் வேலையாக வந்திருக்கிறேன் என்று தெரிந்தது. அன்றைக்கு வயிறும் மனதும் நிறைந்திருந்தன. கஞ்சி தூக்கிலேயே இருந்தது.

மறுநாள் மோதினாரிடம் சொல்லித் திரையை உள்மூலைக்கு மாற்றிக்கொண்டேன். அங்கே புழுக்கம் அதிகம். தொழுகையில் கவனம் சிதறாமல் இல்லை. ஆனால் போன மனம் தானாகத் திரும்பி வந்தது.

பெருநாள் பிறை தெரிந்ததாக அறிவிப்பு வந்ததும் இஃதிகாஃப் முடிந்தது. மச்சினன் வாசலிலேயே பைக்கோடு நின்றான். வருடத்திலேயே பெரிய வியாபாரம் பிறை தெரிந்த அன்றுதான். ராஜபாளையத்தில் கடைக்குள் கால் வைக்க இடமில்லை. கல்லாவில் இருந்த மனைவி என்னைப் பார்த்ததும் எழுந்தாள்.

"நீயே இரு," என்றேன். பிரித்துப் போட்டிருந்த நைட்டிகளை மடித்து அடுக்க ஆரம்பித்தேன்.

கொஞ்ச நேரத்தில் இரவுத் தொழுகையான இஷாவுக்குப் பாங்கு கேட்டது. இத்தனை வருடமும் பிறை அன்றைய இஷாவைக் கடை சாத்திய பிறகு அரைத் தூக்கத்தில்தான் தொழுதிருக்கிறேன். மடித்துக்கொண்டிருந்த நைட்டியை வைத்துவிட்டு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு இறங்கிப் பள்ளிவாசலுக்கு நடந்தேன். தெருமுனையில் திரும்பிப் பார்த்தேன். யாரும் என்னைத் தேடவில்லை. சந்தோஷமாக இருந்தது.