ஒரே ஒரு திருகு

குழாயைக் கால் சுற்று உருட்டிவிட்டு அவர் சுவரைப் பார்க்கிறார். "ம்ஹூம்." இன்னொரு கால் சுற்று. "ம்ஹூம்." சாப்பாட்டு மேசையில் ஒரு பலகை. அதில் ஜோடி ஜோடியாகக் குறுக்கே சாய்த்து அடித்த ஆணிகள். ஆணிகளின் மடியில் கையளவு தண்ணீர்க்குழாய்த் துண்டு. குழாயின் வயிற்றிலிருந்து கிளம்பும் சிவப்பு லேசர், கூடத்தைக் கடந்து படுக்கையறைக்குள் நுழைந்து, கோடிச் சுவரில் புள்ளியாய் விழுகிறது. வீட்டில் கிடைக்கக்கூடிய மிக நீளமான நேர்க்கோடு அதுதான். ஆகவே சாயங்காலம் ஆனால் அந்தக் கோட்டில் யாரும் நடமாடக் கூடாது.

"குறுக்க வராதே."

"அப்ப இந்தத் துணியை எங்க கொண்டு வைக்கிறது? தலையிலயா?" என்கிறாள் மனைவி.

"ஒரு நிமிஷம். ஒரே ஒரு திருகு."

குடியிருப்பில் அவருக்குப் பட்டப்பெயரே 'ஒரு நிமிஷம்'தான். பிழைப்பு லிஃப்ட் பழுதுபார்ப்பது. லிஃப்ட் தரையோடு தரையாக நிற்காமல் விரற்கடை ஏறி நின்றால் மற்ற மெக்கானிக்குகள், "பார்த்து இறங்குங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். இவர் நகர மாட்டார். அந்தக் குணத்தை மெச்சித்தான் கம்பெனி அவரை வைத்திருக்கிறது. அதே குணத்தைத் திட்டிக்கொண்டுதான் மனைவி குடித்தனம் நடத்துகிறாள். காலண்டர் மாட்டச் சொன்னால் ரசமட்டம் எடுத்துவருகிற மனிதரை வேறு என்ன செய்வது?

மொட்டை மாடியில் ஓர் அறை. உடைந்த நாற்காலிகளுக்கு நடுவே அவருடைய ஆளுயரத் தொலைநோக்கி அங்கே நிற்கிறது. அட்டைக்குழாயும் மரப்பெட்டியும் சொந்தத் தயாரிப்பு. குழாயின் அடியில் ஒரு பெரிய கண்ணாடி, மேலே சாய்வாக ஒரு சின்னக் கண்ணாடி. இரண்டும் ஒன்றையொன்று சரியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒன்று மயிரிழை முகம் திருப்பிக்கொண்டாலும் நட்சத்திரத்துக்கு வால் முளைத்துவிடும். அதைச் சரிபார்க்கக் கடையில் லேசர் கருவி விற்கிறார்கள். விலை கேட்டுவிட்டு வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அந்தக் காசுக்கு இன்னொரு கண்ணாடியே வாங்கிடலாம். உள்ள என்ன இருக்கு? ஒரு லேசர், ஒரு குழாய், கொஞ்சம் திருகு. நானே பண்ணிடறேன்."

'நானே பண்ணிடறேன்' காதில் விழுந்ததுமே அவள் வீட்டுச் சாமான்களை ஒரு முறை கண்ணால் சுற்றிப் பார்த்துக்கொண்டாள்.

பயந்தது வீண்போகவில்லை. லேசர், பூனைக்கு வாங்கிய விளையாட்டுப் பேனா. பேட்டரி, டிவி ரிமோட்டில் இருந்தது. பேனாவைக் குழாய்க்குள் சுற்றிலும் நெருக்கிப் பிடிக்கும் திருகுகள் குளியலறைத் தாழ்ப்பாளிலிருந்து வந்தவை. அன்றிலிருந்து உள்ளே போகிறவர் பாடிக்கொண்டேதான் குளிக்க வேண்டியிருக்கிறது. குழாய்க்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த பேனாவின் வாலில்தான் விசை. அது அழுந்தியே இருக்க ஒரு துணி கிளிப். சுவரில் புள்ளி விழும் இடத்தைக் குறிக்க அவளுடைய தையல் சாக்கட்டி. இதில் சந்தோஷப்பட்டது பூனை மட்டும்தான். சுவரடியில் பதுங்கிக் கிடந்து, புள்ளி அசையும்போதெல்லாம் பாய்ந்தது.

பேனா தன் குழாய்க்குள் நேராக உட்கார்ந்திருந்தால், எப்படி உருட்டினாலும் புள்ளி நின்ற இடத்தில் நிற்கும். கோணலாக இருந்தால் சுவரில் வட்டம் போடும். கோணல் லேசரை நம்பித் திருப்பினால் கண்ணாடிகளும் கோணல்தான். போன தடவை அப்படித்தான் ஆயிற்று. உருட்டிப் பார்க்காமல் அவசரத்தில் மாடிக்குக் கொண்டுபோய்விட்டார். சனியின் வளையத்தைக் காட்டுகிறேன் என்று குடியிருப்பையே கூட்டிவைத்தார். முதலில் கண்ணை வைத்தவர் குடியிருப்புச் சங்கச் செயலாளர்.

"பல்பு மேல ஈரத்துணி போட்ட மாதிரி இருக்கு" என்றார் செயலாளர். "இதுக்காகவா சார் ஒரு ரூமை அடைச்சு வெச்சிருக்கீங்க? வர்ற ஞாயித்துக்கிழமை வரைக்கும் பார்ப்போம். உருப்படியா ஏதாவது தெரிஞ்சா குழாய் இங்கயே இருக்கட்டும். இல்லேன்னா மறுநாளே கீழ இறக்கிடுங்க."

கீழே என்றால் அவர்கள் வீடு. அவ்வளவு பெரிய குழாய் நிற்க அந்த வீட்டில் ஒரே இடம்தான் உண்டு: கூடத்து ஜன்னலோரம். அங்கே அவளுடைய தையல் மெஷின் இருக்கிறது. கறுப்புத் துணியில் கறுப்பு நூல் ஓட்டுகிறவளுக்கு அந்த வெளிச்சம்தான் பாதிப் பிழைப்பு. "மெஷினைப் படுக்கையறை மூலைக்கு நகர்த்திக்கலாம்மா" என்று அவர் சாதாரணமாகச் சொன்னபோது அவள் கையிலிருந்த கத்தரியை மேசையில் கொஞ்சம் பலமாக வைத்தாள்.

அந்த வாரம் முழுக்க உருட்டல்தான். ஒரு திருகை இறுக்குவார், எதிர்த் திருகைத் தளர்த்துவார், சுவருக்கு ஓடிச் சாக்கட்டியால் குறிப்பார், திரும்பி வந்து உருட்டுவார். ஆனால் சுவரில் வட்டம் வருவதாக இல்லை. ஒரு பக்கம் கடித்த பிஸ்கட் மாதிரி ஏதோ ஒன்று வந்தது. கடித்த பக்கத்தைத் திருத்தினால் நல்ல பக்கமும் கெட்டது.

ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின சாயங்காலம், மெஷினில் உட்கார்ந்திருந்தவளுக்குப் பொறுமை போய்விட்டது.

"என்னங்க அது, டக்கு டக்குன்னு?"

"எது?"

"ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு டக்கு. என் மண்டையிலயே அடிக்கிற மாதிரி இருக்கு."

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே."

"உங்களுக்கு என்னிக்கு எது கேட்டிருக்கு?"

எழுந்தாள். தடைசெய்யப்பட்ட கோட்டின் வழியாகவே நடந்து வந்தாள். சுவரிலிருந்து சட்டென்று காணாமல் போன புள்ளியைத் தேடிப் பூனை தலையைத் திருப்பியது. அவர் சுவரையே பார்த்துக்கொண்டு உருட்ட, அவள் அவர் கையைப் பார்த்தாள். கிளிப்பின் வால் கீழே வரும்போதெல்லாம் பலகையில் இடித்தது. டக். சட்டென்று கிளிப்பைப் பிடுங்கினாள். புள்ளி அணைந்தது.

"ஐயோ, தொடாதே! எல்லாம் கலைஞ்சிடும்!"

"கலையட்டும்."

விசையின் மேல் ஒரு சட்டைப் பொத்தானை வைத்தாள். துண்டு எலாஸ்டிக்கைப் பேனாவின் அளவுக்கு வளைத்து, நாலு தையல் போட்டு, பொத்தானையும் அதோடு சேர்த்துத் தைத்து, மேலே மாட்டினாள். புள்ளி திரும்பவும் சுவரில் உட்கார்ந்தது.

"இப்ப உருட்டுங்க. இன்னொரு டக்கு கேட்டுச்சு, நாளைக்கு அந்தக் குழாயோட சேர்ந்து உங்களையும் வெளியில வெச்சிடுவேன்."

உருட்டினார். சத்தம் இல்லை. புள்ளி, கடிபடாத முழு வட்டம் ஒன்றைப் போட்டது. அவர் சுவரைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், அவள் கையிலிருந்த கிளிப்பைப் பார்த்தார்.

"கிளிப் இடிச்சு இடிச்சுக் குழாயே எழும்பியிருக்கு. இல்லாத கோணலையா இத்தனை நாளா திருத்திட்டு இருந்தேன்?"

"சத்தம் நின்னுச்சுல்ல? எனக்கு அது போதும்." மெஷினுக்குத் திரும்பிவிட்டாள்.

முழு வட்டம் என்றால் வழிக்குக் கொண்டுவந்துவிடலாம். ஒவ்வொரு திருகலுக்கும் அது சுருங்கியது. தட்டளவு, காசளவு, பட்டாணி அளவு. கடைசியில் எப்படி உருட்டினாலும் புள்ளி அசையவில்லை. பூனை வெகுநேரம் அதைப் பார்த்தது. பிறகு முன்னங்காலை நக்கிவிட்டு எழுந்து போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை இருட்டத் தொடங்கியதும் லேசரைத் தொலைநோக்கியில் சொருகினார். கதிர் சின்னக் கண்ணாடியில் பட்டு, பெரிய கண்ணாடியின் நடுவில் ஒட்டிய காகித வளையத்துக்குள் விழுந்து, வந்த துளைக்கே திரும்பும்வரை திருகினார். பிறகு லேசரை உருவிவிட்டு, அதே துளையில் கண் வைத்துப் பார்க்கும் பார்வை வில்லையை மாட்டி, செயலாளரைக் கூப்பிட்டார். அவள் கைப்பிடிச் சுவரோரம் நின்றாள். மனதுக்குள் மெஷினைப் பாதி மூலைக்கு நகர்த்தியிருந்தாள்.

செயலாளர் குனிந்தார். நிமிர்ந்து, குழாயின் வாய்ப்பக்கம் போய் உள்ளே எட்டிப் பார்த்தார்.

"உள்ள படம் எதுவும் ஒட்டலையே?"

"இல்ல சார்."

மறுபடி குனிந்தார். "வளையம் தனியா நிக்குதுய்யா. இடையில சந்து தெரியுது." நிமிர மனமில்லாமல் குனிந்தபடியே சொன்னார்: "குழாய் இங்கயே இருக்கட்டும். அந்த உடைஞ்ச நாற்காலியை எல்லாம் வேணா நான் காலி பண்ணிக்கறேன்."

ஜன்னல் தப்பியது. அவள் மனதுக்குள் மெஷினைப் பழைய இடத்துக்கே நகர்த்திக்கொண்டாள்.

எல்லோரும் பார்த்து முடித்து இறங்கிப் போனார்கள். கடைசியில் அவள் முறை. இத்தனை வருஷத்தில் அவள் அதில் எதையும் பார்த்ததில்லை. அவள் முறை வரும்போதெல்லாம் அவருக்கு ஏதாவது திருத்த வேண்டியிருக்கும். திருத்தி முடிப்பதற்குள் மேகம் மூடும், இல்லாவிட்டால் அடுப்பில் பால் பொங்கும். குனியப்போனவளைத் தடுத்தார். பார்வை வில்லையைப் பாதி உருவிவிட்டார். மறு கையில் லேசர்.

"ஒரு நிமிஷம்மா. இத்தனை பேர் கை பட்டிருக்கு, லேசா நகர்ந்திருக்கும். ஒரே ஒரு திருகு."

அவள் அவர் கையிலிருந்த லேசரிலிருந்து எலாஸ்டிக்கைப் பொத்தானோடு உருவினாள். சிவப்பு அணைந்தது. அதை மோதிரம்போல் தன் விரலில் மாட்டிக்கொண்டாள். வில்லையை உள்ளே அழுத்திவிட்டு, ஒரு கண்ணை மூடிக் குனிந்தாள்.