பின்பக்கத்துக் கூரை

கோபாலபுரத்தில் இன்று இடித்துக்கொண்டிருந்த ஒரு பழைய வீட்டிலிருந்து வந்த, மழையில் நனைந்த ஓட்டின் வாசனை, இப்போது அடுக்குமாடி நிற்கும் எங்கள் ராயப்பேட்டை வீட்டுக்கு என்னை இழுத்துப்போனது. கணக்கு டீச்சரான அம்மா தெருவில் நின்று, கூரையின் நீளத்துக்கு எத்தனை ஓடு, சரிவுக்கு எத்தனை வரிசை என்று விரல் நீட்டி எண்ணி, என் ரஃப் நோட்டில் பெருக்கி, உடைவதற்கும் கொஞ்சம் சேர்த்து வாங்கியிருந்தாள். விரிசல் விட்ட பழைய ஓடுகளை எல்லாம் இறக்கிவிட்டு, முன்பக்கச் சரிவை வேய்ந்து முடித்த ஓட்டுக்காரர் மேலிருந்து கேட்டார்.

“இன்னா டீச்சரம்மா, பின்னால ஒரு பக்கம் கீதே, அதுக்கு ஓடு எங்க?”

மழை பிடித்துக்கொண்டது. பின்கட்டில் அடுப்பும் அரிசிப் பானையும் நனைவதைப் பார்த்துக்கொண்டே நின்ற அம்மா, நோட்டை என்னிடம் நீட்டினாள்.

“பெருக்கல் சரியான்னு பாரு.”

சரியாகத்தான் இருந்தது.