ஒரே நேரத்தில் இரண்டு பக்கம்

பிள்ளைகளே, அம்மாவுக்கு ஏன் ஆபரேஷன் செய்யவில்லை என்று கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். எனக்குப் புரிந்த மட்டும் எழுதுகிறேன்.

அம்மாவின் வலிப்பு மாத்திரைக்கு அடங்கவில்லை. மூளையில் அது கிளம்புகிற இடம் தெரிந்தால் அதை மட்டும் எடுத்துவிடலாம் என்றார் டாக்டர். இடம் கிடைத்தால் தேங்காய் உடைப்பதாகப் பழவங்காடிப் பிள்ளையாருக்கு நேர்ந்துகொண்டேன். மீதி தானாக நடக்கும் என்று நினைப்பு.

டெஸ்டுக்குத் தலையில் எண்ணெய் வைக்காமல் வரச் சொன்னார்கள். அம்மா தலை முழுக்க வயர் ஒட்டி, மூளையின் கரண்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள். வெளியே ஒட்டினால் உள்ளே இருக்கிற இடம் எப்படித் தெரியும் என்று அங்கிருந்த பெண்ணிடம் கேட்டேன். என் வேலையை விசாரித்தாள். தம்பானூர் ஓட்டலில் சப்ளை என்றேன். அத்தனை இரைச்சலில் ஒரு மேஜைக்காரர் கூப்பிடுவது எப்படிக் கேட்கிறது என்றாள். அந்தப் பக்கம் காதைக் கொடுத்து மற்றதை விட்டுவிடுவேன் என்றேன். சாஃப்ட்வேரும் அப்படித்தானாம். மூளையை இடம் இடமாக எடுத்து, அங்கிருந்து வருவதை மட்டும் வாங்கிக்கொண்டு மற்றதை அமுக்கிவிடுமாம். பீம்ஃபார்மிங் என்று பேர் சொன்னாள்.

அடுத்த முறை போனபோது அந்த சாஃப்ட்வேர் போட்ட படத்தில் ஒன்றும் இல்லை. அப்படியானால் குணமாகிவிட்டதா என்று அம்மா ஆசையாகக் கேட்டாள். அந்தப் பெண் இல்லை என்று தலையாட்டினாள். இரண்டு இடம் ஒரே நேரத்தில், ஒரே மாதிரி எழும்பினால் இந்தக் கணக்கு ஏமாந்துபோகுமாம். ஒன்றை ஒன்று அமுக்கி, இரண்டுமே காணாமல் போகுமாம். சந்தேகப்பட்டு வேறு விதமாகக் கணக்குப் போட்டிருந்தாள். அந்தப் படத்தில் இடது பக்கமும் வலது பக்கமும் சிவப்பாக நின்றன.

இரண்டையும் எடுக்க முடியாதா என்று டாக்டரிடம் கேட்டேன்.

"எடுத்தா புதுசா எதுவும் மனசுல நிக்காது, சேட்டா. இன்னைக்குப் பிள்ளைங்க சொன்னது நாளைக்கு ஞாபகம் இருக்காது."

மாத்திரையை மாற்றிப் பார்ப்போம் என்றார். மாற்றாத மாத்திரை இல்லை.

பஸ்ஸில் அம்மா பழவங்காடியில் இறங்கணும் என்றாள். எதற்கு என்றேன்.

"இடம் கிடைச்சா உடைக்கேன்னுதானே நேர்ந்தீங்க? கிடைச்சிருக்கே."

கடையில் ஒரு தேங்காயைக் கையில் எடுத்தேன்.

"ரெண்டா வாங்குங்க. ரெண்டு இடம்லா கிடைச்சிருக்கு" என்று சிரித்தாள்.

இரண்டையும் உடைத்தேன். கும்பிடும்போது என்ன கேட்பதென்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா தலை நிறைய எண்ணெய் தேய்த்துக்கொண்டதைப் பார்த்தீர்களே. இனி யாரும் அவளை எண்ணெய் வைக்காமல் வரச் சொல்லப் போவதில்லை.